ஃப்ரீசர் கதவு ஒட்டவில்லையா? ரப்பரை மாற்றும் முன் காலடியைப் பாருங்கள்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். வீட்டிலேயே இறாலும் மீனும் சுத்தம் செய்து, அரைக் கிலோ பாக்கெட்டாகப் போட்டு விற்கிறார். ஆறு வருடம் ஆன நிற்கும் ஃப்ரீசர், உள்ளே ஏழு டிராயர். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கதவு சரியாக ஒட்டுவதில்லை. மேல் டிராயரைச் சுற்றி ஐஸ் கட்டுகிறது, கீழ் விளிம்பில் வெளியே தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. பார்க்க வந்தவர் "ரப்பர் போய்விட்டது, கதவோடு மாற்றிவிடுவதுதான் நல்லது" என்று சொல்லி ஒரு பெரிய தொகையும் சொல்லியிருக்கிறார். மாற்றத்தான் வேண்டுமா என்பது கேள்வி. கடைசியில் ஒரு வரி: "மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று நான்கு பக்கமும் செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறோம்."

அக்கா, அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். அந்தக் கடைசி வரிதான் என் கண்ணில் முதலில் பட்டது. மன்னார்குடிப் பக்கம் ரொம்ப வருடமாக ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர் வேலை பார்க்கிறேன். கதவு ஒட்டவில்லை என்று கூப்பிட்ட பல வீடுகளில் ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. ஃப்ரீசர் நின்ற இடம்தான் சரியில்லை. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆனால் ஊகத்தை நம்பிச் செலவு செய்யக் கூடாது. எப்படிச் சோதிப்பது என்று சொல்கிறேன், நீங்களே பார்த்துவிடலாம்.

ரப்பர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மிருதுவான பி.வி.சி. மடிப்பு மடிப்பாக இருக்கும், முன்பக்கக் குழாய்க்குள் நாடா போல ஒரு காந்தம் ஓடும். கடைக்காரர்கள் கேஸ்கட் என்பார்கள். கதவைச் சாத்தியதும் இந்தக் காந்தம் ஃப்ரீசர் பெட்டியின் இரும்புத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பெரிய பலம் கிடையாது. சில மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலே இழுக்காமல் விட்டுவிடும். அந்த இடத்தில் ஒரு கோடு போலத் திறந்தே கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது, காற்றுக்குத் தெரியும்.

நம் ஊர்க் காற்றுக்கு அந்தக் கோடு போதும். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் இருக்கிற ஒரு நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதே காற்று ஃப்ரீசருக்குள் போய் மைனஸ் 18 டிகிரிக்கு வந்தால், அதனால் ஏறத்தாழ 1 கிராம்தான் வைத்துக்கொள்ள முடியும். மீதி அத்தனையும் ஐஸாகப் படியும். ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக நுழைந்தால், ஒரு வாரத்தில் டிராயர் இழுக்க வராது. குளிர் தரும் குழாயான காயிலின் மேல் படிகிற ஐஸ் போர்வை போல மூடிக்கொள்ளும், குளிர் வெளியே வராது, கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். மின் கட்டணமும் ஏறும். உங்களுக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் இறாலில்தான். வெப்பநிலை ஏறி ஏறி இறங்கினால் பாக்கெட்டுக்குள்ளேயே வெண்துகள் படியும், இறால் ஓரம் காய்ந்து நார் போல ஆகும். வாடிக்கையாளர் ஒரு தடவை வாங்கிவிட்டு அடுத்த தடவை வர மாட்டார்.

நீங்கள் சொன்ன அறிகுறிகள் இரண்டும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். கதவில் ஓட்டை இருந்தால் கீழ்ப்பக்கம் குளிர் காற்று வெளியே கசியும், அந்த இடத்தில் வெளித் தகடு குளிர்ந்து வியர்க்கும். வெளியே போன காற்றுக்கு ஈடாக மேலே இருக்கிற இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே வரும், அதனால் மேல் டிராயரில் ஐஸ். ஆக, ஒரே இடத்தில் மட்டும் கிழிந்திருப்பதாகத் தோன்றவில்லை. மேலும் கீழுமாகக் கதவே பெட்டியோடு பொருந்தாமல் நிற்கிறது. கதவு பொருந்தாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கதவில் இருக்காது.

முதலில் ஐஸை எடுத்தாக வேண்டும். ஐஸோடு எதைச் சோதித்தாலும் தப்பான பதில்தான் வரும். இறாலை எங்கே வைப்பது என்பது உங்கள் கவலையாக இருக்கும். மீன் கொண்டுபோகிற தெர்மகோல் பெட்டி இருக்குமே, அதில் வையுங்கள். வெறும் ஐஸ் 0 டிகிரியில்தான் நிற்கும், உறைந்த இறாலுக்கு அது போதாது. நொறுக்கிய ஐஸ் மூன்று பங்குக்குக் கல் உப்பு ஒரு பங்கு கலந்தால் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். வேதாரண்யம் உப்பு பக்கத்திலேயே கிடைக்கிற உங்களுக்கு இது கஷ்டமே இல்லை. பாக்கெட் ஒவ்வொன்றும் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும், உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பெரிய பாலிதீன் பைக்குள் போட்டுக் கட்டி, அதைச் சுற்றி ஐஸைக் கொட்டுங்கள். இதற்கிடையில் முழுதாக இளகிப்போன பாக்கெட் ஏதாவது இருந்தால் அதைத் திரும்ப உறைய வைத்து விற்க வேண்டாம், அன்றே சமைத்துவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிராயர்களை எடுத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்து ஒரு மின்விசிறியை நேராக வையுங்கள். மேல் தட்டில் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்தால் இன்னும் சீக்கிரம் இளகும். தரையெல்லாம் தண்ணீர் ஆகும், மின்விசிறியின் வயரை அதிலிருந்து தள்ளி வையுங்கள். கத்தி, திருப்புளி, கரண்டிக் காம்பு எதையும் ஐஸில் குத்தாதீர்கள். நிற்கும் ஃப்ரீசரில் டிராயருக்கு அடியில் இருக்கிற தட்டே பல மாடல்களில் குளிர் தரும் குழாய்தான். அதில் ஒரு ஊசித் துளை விழுந்தால் கேஸ் முழுவதும் போய்விடும். இப்போது வருகிற வீட்டு ஃப்ரீசர்கள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ என்கிற கேஸ், அது தீப்பிடிக்கக் கூடியது. பின்பக்க ஸ்டிக்கரில் எழுதியிருக்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் போனதும், டிராயர் எதையும் உள்ளே வைக்காமல் கதவை மூடிப் பாருங்கள். இப்போது நன்றாக ஒட்டினால் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். டிராயருக்குப் பின்னால் ஐஸ் கட்டி, டிராயர் அரை அங்குலம் முன்னே தள்ளி நின்றால், கதவின் உள்பக்கம் டிராயரில் முட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் கதவு மூடின மாதிரியே இருக்கும். பாக்கெட்டை அடுக்கும்போது ஒன்று டிராயருக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். ஒரு பால் கடையில் நாள் முழுக்கத் தேடிவிட்டு, கடைசியில் இரண்டாவது டிராயருக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு தயிர்ப் பாக்கெட்டைத்தான் எடுத்தேன்.

அப்புறம் காகிதச் சோதனை. ஒரு ரூபாய் நோட்டு போதும். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் நோட்டை வைத்து மூடி, மெதுவாக இழுங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. ஒரு சாணுக்கு ஓர் இடம் என்று நான்கு பக்கமும் பாருங்கள், மூலைகளை விட்டுவிடாதீர்கள். வழுக்குகிற இடங்களில் ஒரு சின்ன டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டே போங்கள். முடிந்ததும் இரண்டடி தள்ளி நின்று, டேப் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று டேப் என்றால் ரப்பர் அங்கே மட்டும் நசுங்கியோ கிழிந்தோ இருக்கிறது. கைப்பிடிப் பக்கம் மேல் மூலையிலும் அதற்கு எதிர்க் கோடியிலும் விழுந்திருந்தால் பெட்டி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கீல் பக்கம் மேலிருந்து கீழ் வரை என்றால் கீலைப் பார்க்க வேண்டும். இருட்டின பிறகு ஒரு சின்ன டார்ச்சை எரியவிட்டு, ஜிப் கவரில் போட்டு உள்ளே வைத்து மூடி, விளிம்பைச் சுற்றிப் பார்த்தாலும் ஒளி கசிகிற இடம் தெரியும். கரண்ட் போன நேரம் இதற்கு நல்ல நேரம்.

இன்னொரு சோதனை ஃப்ரீசர் ஓடிக் குளிர்ந்த பிறகு. கதவை ஒரு நிமிடம் திறந்து வைத்துவிட்டு மூடி, உடனே திரும்பத் திறக்கப் பாருங்கள். உள்ளே நுழைந்த வெப்பக் காற்று மைனஸ் 18-க்குக் குளிரும்போது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். கதவு நன்றாக ஒட்டியிருந்தால் அந்த உறிஞ்சலில் சில நொடிகளுக்குக் கதவு திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அது கோளாறு கிடையாது, நல்ல அடையாளம். உடனே விரலால் தள்ளினால் திறந்துகொண்டால்தான் கவலைப்பட வேண்டும். சில கம்பெனி ஃப்ரீசர்களில் இந்த உறிஞ்சலை விடுவிக்க ஒரு சின்ன வால்வு இருக்கும், அதில் இந்தச் சோதனை பலிக்காது.

இப்போது செங்கல். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். ஃப்ரீசர் பெட்டி என்பது மெல்லிய தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் நுரை நிரப்பிய ஒரு கூடு. காலி நிலையிலேயே நல்ல கனம், அதில் இறாலை நிரப்பினால் கேட்கவே வேண்டாம். நான்கு செங்கல்லும் ஒரே உயரம் இருக்காது. சூளைச் செங்கல் ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும். ஒரு கால் கொஞ்சம் இறங்கி நின்றால் பெட்டி குறுக்காக முறுக்கிக்கொள்ளும். கதவு தனித் தகடு, அது முறுக்காமல் நேராகவே நிற்கும். நேரான கதவும் முறுக்கின பெட்டியும் எப்படி ஒட்டும்?

இதோடு நம் தரை வேறு. டெல்டாவில் பல இடங்களில் அடியில் களிமண். கோடையில் வெடிக்கும், மழையில் ஊறிப் பொதுமும், அதோடு தரையும் கொஞ்சம் அசையும். கழுவின தண்ணீர் ஓட வேண்டும் என்று அடுப்படியிலும் பின்கட்டிலும் தரையை வேண்டுமென்றே சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். ஐப்பசியிலிருந்து ஒட்டவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். செங்கல் வைத்ததும் ஐப்பசியில்தானே?

இரண்டு கையாலும் ஃப்ரீசரின் மேல் மூலைகளைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். தட் தட் என்று ஆடினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி, மேலே இடம்வலமாக ஒரு தடவை, முன்பின்னாக ஒரு தடவை வைத்துப் பாருங்கள். இடம்வலமாகக் குமிழி நடுவில் நிற்க வேண்டும். முன்பின்னாகப் பார்த்தால் முன்பக்கம் ஒரு மயிரிழை உயர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் கதவு தன் கனத்திலேயே போய் மூடிக்கொள்ளும். பாதி திறந்த கதவை விட்டால் தானாக மெதுவாக மூட வேண்டும், அதுதான் கணக்கு. முன்கால்கள் இரண்டும் திருகுகிற மாதிரி இருக்கும், கையாலோ ஸ்பேனராலோ திருகி ஏற்றி இறக்கலாம். ஒருவர் மேலே பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டால் கால் சுலபமாகத் திரும்பும்.

ஆனால் தனிச் செங்கல்லின் மேல் நிற்கிறவரை இந்த அளவு நிலைக்காது. தண்ணீர் வருகிற வீடு என்பதால் தூக்கி வைக்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, இரண்டு வரிசைச் செங்கல்லைச் சிமெண்டில் கட்டி, மேலே ஒரே பலகையாகக் கடப்பைக் கல் போடச் சொல்லுங்கள். அரை நாள் வேலை, நன்றாகக் காய விட்டு அதன் மேல் நிறுத்துங்கள். சுவரிலிருந்து காற்று போக இடம் விட்டு மேடை போட வேண்டும். கடையில் விற்கிற சக்கரம் வைத்த பிளாஸ்டிக் ஸ்டாண்டை வாங்காதீர்கள், அது நாளாக நாளாக நடுவில் அமுங்கும். நகர்த்தும்போது ஃப்ரீசரைப் படுக்க வைக்க வேண்டாம். சாய்க்க நேர்ந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்து பிளக் போடுங்கள்.

நிலை சரியான பிறகு அடுத்த நாள் திரும்பக் காகிதச் சோதனை செய்யுங்கள். டேப் பல இடங்களில் தேவையில்லாமல் போயிருக்கும். மிச்சம் இருக்கிற இடங்களுக்குத்தான் ரப்பர் வைத்தியம்.

அதில் முதல் வேலை சுத்தம். இறால் தண்ணீர் மடிப்புக்குள் இறங்கிக் காய்ந்து, பிசின் மாதிரி நிற்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்புக் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மடிப்பை விரித்து விரித்துத் தேயுங்கள். பெட்டிப் பக்கத்து விளிம்பையும் துடையுங்கள். பிறகு ஈரம் இல்லாமல் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் உறைந்து கதவைப் பெட்டியோடு ஒட்டிவிடும், அடுத்த தடவை இழுக்கும்போது ரப்பர் கிழியும். பிளீச்சிங் பவுடர், பினாயில், தின்னர் எதுவும் வேண்டாம், பி.வி.சி. விறைத்துப் போகும்.

நசுங்கின இடத்தை நிமிர்த்த வெந்நீரில் பிழிந்த துணியை வைத்து ஒற்றுங்கள், அல்லது தலை காய வைக்கிற டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். ரப்பர் மெத்தென்று ஆனதும் கையால் வெளியே இழுத்து உருவம் கொடுத்து, கதவை மூடி, இரவு முழுக்க டேப் போட்டு இறுக்கி வையுங்கள். மூலை மட்டும் உள்வாங்கியிருந்தால், ரப்பரின் பின் மடிப்புக்குள் ஒரு மெல்லிய நுரைப் பட்டையைச் செருகினால் முன்னே வரும்.

கீல் பக்கத்தில் ரப்பர் தகட்டோடு உரசிச் சுருளும். அங்கே மட்டும் விரல் நுனியில் வாஸ்லின் எடுத்து லேசாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அது 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெய். குளிர்கிற விளிம்பில் வெள்ளையாகக் கட்டி நின்று நீங்கள் மூட நினைக்கிற இடைவெளியையே திறந்து வைக்கும், சிக்குப் பிடித்து எறும்பையும் கூட்டும்.

கடற்கரை அருகில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றில் பெட்டியின் முன் விளிம்புத் தகடு துரு ஏறி, பெயிண்ட் கொப்புளம் விட்டிருக்கும். காந்தத்துக்குச் சமமான தகடு வேண்டும், கொப்புளத்தின் மேல் அது உட்காராது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமரும் மெல்லிய பெயிண்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். ஆனால் அந்த விளிம்பில் துளை போடவோ ஸ்க்ரூ அடிக்கவோ யாரையும் விடாதீர்கள். விளிம்பு வியர்க்காமல் இருக்க அதன் உள்ளே சூடான கேஸ் குழாய் ஓடுகிற மாடல்கள் நிறைய உண்டு. விளிம்பைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பதும் அதனால்தான், அது இயல்பு. கதவு நிற்கவில்லை என்று விளிம்பில் கொண்டி போட்டு, கேஸ் முழுவதையும் இழந்த ஒரு ஃப்ரீசரை நான் பார்த்திருக்கிறேன். அதைக் காப்பாற்ற முடியவில்லை.

இத்தனைக்கும் பிறகு நோட்டு வழுக்குகிறதா, ரப்பர் கிழிந்திருக்கிறதா, விறைத்து வெடித்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, அப்போது ரப்பரை மாற்றுங்கள். ரப்பர் மட்டும். கதவின் உள் பிளாஸ்டிக் உடைந்தோ கதவே வளைந்தோ இருந்தால் ஒழிய முழுக் கதவு தேவையில்லை. உள்பக்க ஸ்டிக்கரில் இருக்கிற மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கம்பெனி ரப்பர் கிடைக்காத பழைய மாடல் என்றால், அளவு கொடுத்து மூலைகளை ஒட்டித் தரச் சொல்லலாம். அளவை ரப்பரின் வெளி ஓரத்தில் எடுக்காமல், அது செருகி நிற்கிற பள்ளத்துக்குப் பள்ளம் எடுங்கள். பழைய ரப்பரின் ஒரு துண்டையும் கையில் கொண்டுபோனால் மடிப்பின் வகை தப்பாது.

புது ரப்பர் மடித்துக் கட்டி வரும், மடித்த இடமெல்லாம் மடிப்புத் தடம் தெரியும். அப்படியே மாட்டினால் முதல் நாளே ஒட்டாது, ரப்பர் சரியில்லை என்று சண்டை வரும். வெயில் இருந்தால் கொஞ்ச நேரம் பரப்பி வையுங்கள், மழை நாளில் கை பொறுக்கிற வெந்நீரில் முக்கி எடுங்கள். மாட்டும்போது நான்கு மூலைகளையும் முதலில் செருகிவிட்டு அப்புறம் நடுவை அழுத்துங்கள். சில மாடல்களில் ரப்பருக்கு அடியில் வரிசையாக ஸ்க்ரூ இருக்கும். அந்த ஸ்க்ரூக்கள்தான் கதவின் உள் பிளாஸ்டிக்கையும் பிடித்து, கதவை நேராக நிறுத்துகின்றன. எல்லாவற்றையும் கழற்றினால் கதவு தொளதொளத்து முறுக்கிக்கொள்ளும். தளர்த்தினால் மட்டும் போதும். திரும்ப இறுக்கும்போது முழுதாக இறுக்குவதற்கு முன் கதவை மூடிப் பார்த்து, எந்த மூலை விலகுகிறதோ அந்த மூலையைக் கையால் அழுத்தி நேராக்கிக்கொண்டே இறுக்க வேண்டும். நல்ல மெக்கானிக்குக்கும் பொறுமை வேண்டிய இடம் இதுதான். புது ரப்பர் முழுதாகப் படிய சில நாள் ஆகும்.

பிளக் போட்டதும் இறாலை உடனே அடுக்காதீர்கள். ஒரு தெர்மாமீட்டரை நடு டிராயரில் வைத்து, மைனஸ் 18 காட்டின பிறகு அடுக்குங்கள், ஒரே தடவையில் எல்லாவற்றையும் திணிக்காமல் இரண்டு மூன்று நடையாக.

கீல் பக்கத்தில் டேப் விழுந்திருந்து மெக்கானிக்கைக் கூப்பிடும்படி ஆனால், கதவைக் கழற்றும்போது கீழ்க் கீல் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் புஷ்ஷையும் வாஷரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது தேய்ந்துதான் பல கதவுகள் ஒரு பக்கம் தொங்குகின்றன. அவர் கழற்றுகிற வாஷர் எத்தனை, எந்த வரிசையில் இருந்தது என்று பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.